எழுத்தாளர் மாநாட்டில் சுயபதிப்பு அமர்வுகள்: மூன்று நாள் அனுபவத்தின் மதிப்பீடு

மூன்று நாள் எழுத்தாளர் மாநாடு ஒன்றுக்குக் கட்டணம் செலுத்திப் போய்விட்டு வந்திருக்கிறேன். கதைக்கட்டமைப்பு, உரையாடல் எழுதுதல், இலக்கிய முகவர்களைச் சந்தித்தல் என்று வழக்கமாக நடக்கும் 14 அமர்வுகளோடு, இந்த முறை சுயபதிப்பைப் பற்றி 3 அமர்வுகளைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். நான் பதிவு செய்ததே அந்த மூன்றுக்காகத்தான் என்பதால், இந்த மதிப்பீடும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதாகவே இருக்கும். மற்ற அமர்வுகள் நன்றாகவே இருந்தன என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அவற்றைப் போன்றவை எங்கும் கிடைக்கும்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. என்னுடைய முதல் சிறுகதைத் தொகுப்பு ஒரு பதிப்பகத்தின் வழியாக வந்து, விற்றுத் தீர்ந்து, பல ஆண்டுகளாக மறுபதிப்புக் காணாமல் கிடந்தது. ஒப்பந்தத்தில் இருந்த உரிமை மீட்புப் பிரிவைப் பயன்படுத்தி எழுதிக் கேட்டதில், அதன் உரிமை என்னிடமே திரும்பிவிட்டது. கையில் செம்மை செய்யப்பட்ட பிரதி இருக்கிறது, உரிமையும் இருக்கிறது, வெளியிட ஆள்தான் இல்லை. இந்த நிலையில் இருக்கும் ஓர் எழுத்தாளர் நூலைத் தாமே வெளியிடலாமா, வெளியிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள மாநாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறு எது இருக்க முடியும் என்று நினைத்துத்தான் பணம் கட்டினேன்.

சுயபதிப்பை மாநாட்டில் சேர்ப்பது சரியா என்பதில் அமைப்பாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது என்பது நிகழ்ச்சி நிரலைப் பார்த்தவுடனேயே புரிந்தது. மூன்று அமர்வுகளையும் பெரிய அரங்கின் முக்கிய உரைகள் நடக்கும் அதே நேரத்தில், நாற்பது பேர் மட்டும் உட்காரக்கூடிய பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள். சேர்க்கவும் வேண்டும், சேர்த்தது கண்ணில் படவும் கூடாது என்று முடிவெடுத்தவர்கள் செய்யக்கூடிய ஏற்பாடு அது. முதல் நாளிலேயே நாற்காலிகள் நிரம்பி, சுவரோரமாகவும் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். இரண்டாம் நாள் அறையை மாற்றியிருக்கலாம்; மாற்றவில்லை.

முதல் அமர்வு அறிமுகம். பேசியவருக்கு உற்சாகம் அதிகம், துல்லியம் குறைவு. ஒரு மணி நேரத்தில் பாதியைப் புகழ்பெற்ற முன்னோடிகளின் வரிசைக்கே செலவிட்டார். வால்ட் விட்மன் 1855இல் தம் கவிதை நூலைத் தம் செலவிலேயே கொண்டுவந்தார், பீட்ரிக்ஸ் பாட்டர் தம் முயல் கதையைப் பதிப்பகங்கள் மறுத்தபின் 1901இல் தாமே 250 பிரதிகள் அச்சிட்டார் என்பவை உண்மையே. ஆனால் அதே வரிசையில் மார்செல் புரூஸ்தையும் சேர்த்ததுதான் எனக்கு உறுத்தியது. புரூஸ்த் தம் நாவலின் முதல் பகுதியை 1913இல் தாமே பதிப்பிக்கவில்லை. கிராசே என்ற பதிப்பகத்துக்குப் பணம் கொடுத்து வெளியிடச் செய்தார். இரண்டும் ஒன்றல்ல. தாமே வெளியிடுபவர் அச்சகத்துக்கும் வடிவமைப்பாளருக்கும் கூலி கொடுக்கிறார், உரிமையையும் வரவையும் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். பதிப்பகம் என்ற பெயரில் இயங்கும் ஒருவருக்குப் பணம் கொடுப்பவர் செலவைத் தாம் ஏற்றுக்கொண்டு, உரிமையையும் வரவின் ஒரு பங்கையும் அவரிடம் விட்டுவிடுகிறார். புதிதாக வந்திருக்கும் எழுத்தாளருக்கு முதலில் கற்றுத்தர வேண்டிய வேறுபாடே இதுதான். அதைப் பேச்சாளரே குழப்பிக்கொண்டது சிறிய பிழை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் நடந்ததைப் பார்த்தபின் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

புகழ்பெற்றவர்களின் கதைகளில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. பாட்டரின் நூல் அடுத்த ஆண்டே, அதாவது 1902இல், ஒரு பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது என்பதை அந்தப் பேச்சாளர் வெற்றியின் உச்சமாகச் சொன்னார். தாமே வெளியிடுவதன் பயன் கடைசியில் பதிப்பகத்தின் கண்ணில் படுவதுதான் என்றால், அதைத் தனியாக ஓர் அமர்வு வைத்துக் கற்க வேண்டியதில்லையே. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இதையே மெதுவாக முணுமுணுத்தார்.

இரண்டாம் நாள் அமர்வு இதற்கு நேர்மாறு. கொடுத்த கட்டணம் முழுவதும் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கே தகும் என்று தயங்காமல் சொல்வேன். நடத்தியவர் தம் நாவல்களைப் பல ஆண்டுகளாகத் தாமே வெளியிட்டு வருபவர். விற்பதற்கு அவரிடம் எந்தச் சேவையும் இல்லை, பரிந்துரைக்க நிறுவனமும் இல்லை. திரையில் முதலில் காட்டியது தம் அட்டைகளையோ விருதுகளையோ அல்ல; தமது இரண்டாவது நாவலின் வரவுசெலவுக் கணக்கு. அந்த நூல் இன்றுவரை போட்ட பணத்தை எடுக்கவில்லை. அறை அப்படியே நிசப்தமானது.

அங்கிருந்து அவர் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். எடிட்டிங் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள் என்பதிலேயே கால் மணி நேரம் போனது. கதையின் கட்டமைப்பையும் வேகத்தையும் பார்ப்பது ஒன்று, வரிவரியாக மொழியையும் தகவல் முரண்களையும் செம்மை செய்வது இன்னொன்று, பக்கவடிவமைப்பு முடிந்தபின் அச்சுக்கு முன்பாக மெய்ப்புப் பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே ஆள் ஒரே வாசிப்பில் செய்துதருவதாகச் சொன்னால் அவர் மூன்றில் எதையும் செய்யப்போவதில்லை என்றார். மெய்ப்பை வடிவமைப்புக்கு முன்பே முடித்துவிட்டு, பிறகு வடிவமைக்கும்போது நுழைந்த பிழைகளோடு நூலைக் கொண்டுவந்த தம் கதையையும் சேர்த்துக்கொண்டார்.

அட்டையைப் பற்றிய பகுதியில் அவர் அழகைப் பேசாமல் அளவைப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. புத்தக முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியின் அச்சுச் சேவையில் கிரீம் நிறத் தாளுக்குப் பக்கத்துக்கு 0.0025 அங்குலம் என்றும், வெள்ளைத் தாளுக்கு 0.002252 அங்குலம் என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே 300 பக்க நூல் ஒன்றுக்கு முதுகு கிரீம் தாளில் முக்கால் அங்குலம், வெள்ளைத் தாளில் 0.68 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வேறுபாடு. அட்டையை முடித்தபின் தாளின் நிறத்தை மாற்றினால் முதுகில் உள்ள தலைப்பு நடுவிலிருந்து விலகி முன்னட்டையின் ஓரத்தை நோக்கி நகர்ந்துவிடும். அட்டைக்காரரிடம் வேலையைக் கொடுக்கும் முன்பே பக்க எண்ணிக்கை இறுதியாக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக மெல்லிய நூலின் முதுகில் எழுத்தே போட முடியாது, அதற்கு 79 பக்கங்களுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டதும், அறையில் இருந்த கவிஞர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மின்னூலில் பக்கம் என்பதே நிலையாக இல்லை என்பதையும் செயல்முறையாகவே காட்டினார். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கங்களின் எண்ணிக்கை மாறிவிடும். ஆகவே அச்சு நூலுக்குச் செய்த பிடிஎஃப் கோப்பை அப்படியே ஏற்றிவிடாமல், வரிகள் திரைக்கேற்ப ஓடக்கூடிய இபப் கோப்பைத் தனியாகத் தயாரிக்க வேண்டும். உரையின் நடுவே '47ஆம் பக்கம் காண்க' என்று எழுதியிருந்தால் மின்னூலில் அது எங்கும் போய்ச் சேராது. அத்தகைய குறிப்புகளையெல்லாம் இணைப்புகளாக மாற்ற வேண்டும். என் தொகுப்பின் பின்குறிப்புகளில் இப்படி எத்தனை இருக்கின்றன என்று அங்கேயே மனத்துக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

பணக் கணக்குக்கு வந்தபோதுதான் அமர்வு சூடுபிடித்தது. அமேசானின் கிண்டில் மின்னூலுக்கு 70 விழுக்காடு ராயல்டி என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அது நூலின் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருந்தால் மட்டுமே. அதற்கு வெளியே 35 விழுக்காடுதான். இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது, 70 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்தால் கோப்பின் அளவுக்கேற்ப ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 15 சென்ட் வீதம் அனுப்புகைச் செலவு பிடிக்கப்படும் என்பதும், 35 விழுக்காட்டில் அந்தப் பிடித்தம் கிடையாது என்பதும்தான். அவர் பலகையில் எழுதிக் காட்டினார். 4.99 டாலர் விலையுள்ள நாவல் 1 மெகாபைட் இருந்தால், 15 சென்ட் கழித்து மீதியில் 70 விழுக்காடு, அதாவது 3.39 டாலர் எழுத்தாளருக்கு வரும். அதே விலையில் படங்கள் நிறைந்த நூல் 20 மெகாபைட் இருந்தால் 3 டாலர் அனுப்புகைக்கே போய், மீதியில் 70 விழுக்காடு 1.39 டாலர்தான். அந்த நூலுக்கு 35 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் 1.75 டாலர் வந்திருக்கும். பெரிய விழுக்காடு சிறிய வரவைத் தரும் இடமும் உண்டு என்று சொல்லிவிட்டு, சமையல் நூல்களும் சிறார் நூல்களும் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும் என்றார். என் முன்வரிசையில் இருந்த ஓவியர் ஒருவர் பலகையைப் படம் பிடித்துக்கொண்டார்.

கேடிபி செலக்ட் திட்டத்தைப் பற்றியும் இதே அளவு நிதானத்தோடு விளக்கினார். அதில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக்கூடாது. காலம் முடிந்ததும் நாம் நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும். பதிலாக, சந்தா கட்டி வாசிப்பவர்கள் எத்தனை பக்கம் வாசித்தார்கள் என்பதைப் பொறுத்துப் பணம் வரும். 2015 ஜூலையிலிருந்து இந்தப் பக்கக் கணக்குத்தான் நடைமுறையில் இருக்கிறது. தம் கதைகள் முழுவதையும் ஏற்கெனவே சொந்த வலைத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஒருவர், தாமும் இதில் சேரலாமா என்று கேட்டார். கூடாது, மாதிரிக்காகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறெங்கும் வைத்திருந்தால் ஒப்பந்த மீறல் என்று பதில் வந்தது. கேட்டவர் முன்பே சேர்ந்திருந்தாராம். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோது, இந்த அமர்வு ஓராண்டுக்கு முன்பே நடந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது.

ஒரே ஒரு குறை. அச்சு நூலுக்கு விலையில் 60 விழுக்காட்டிலிருந்து அச்சுச் செலவைக் கழித்து மீதியைக் கொடுப்பது கேடிபியின் வழக்கம். ஆனால் 2025 ஜூனிலிருந்து 9.99 டாலருக்குக் குறைவான விலையுள்ள நூல்களுக்கு அது 50 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அமைப்பாளர்கள் அச்சிட்டுக் கொடுத்த கைப்பிரதியில் எல்லா நூல்களுக்கும் 60 என்றே இருந்தது. பேச்சாளர் தாமே அதைச் சொல்லித் திருத்தச் சொன்னார். ஆனால் வாசலுக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கு அது எட்டியிருக்காது. விதிகள் இத்தனை விரைவாக மாறும் துறையில், பழைய விவரங்களையே கைப்பிரதியாக அச்சிட்டுக் கொடுப்பது ஏற்கத்தக்கதல்ல.

புத்தகக் கடைகளைப் பற்றிய பகுதியை அவர் விரைவாக முடித்துவிட்டார், நேரம் போதவில்லை. இருந்தாலும் சாரம் கிடைத்தது. கடைகள் பொதுவாக விலையில் 40 விழுக்காடு அளவுக்காவது கழிவும், விற்காத பிரதிகளைத் திருப்பித் தரும் வசதியும் எதிர்பார்க்கின்றன. நூலை அச்சிட்டுக் கடைகளுக்கு விநியோகிக்கும் இங்கிராம்ஸ்பார்க் போன்ற சேவைகளில் இந்த இரண்டையும் எழுத்தாளரே நிர்ணயிக்கலாம். ஆனால் திரும்பி வரும் ஒவ்வொரு பிரதியின் இழப்பும் எழுத்தாளர் தலையில்தான் விழும். யாராவது கேட்கும்போது மட்டும் பிரதியை அச்சிடும் முறையில் முன்பணம் முடங்காது, ஆனால் பிரதி ஒன்றின் செலவு எத்தனை அச்சிட்டாலும் இறங்காது. மொத்தமாக ஆஃப்செட்டில் அச்சிட்டால் பிரதி ஒன்றின் செலவு இறங்கும், ஆனால் கட்டுகள் வீட்டில் அடுக்கிக் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை ஒவ்வொருவரும் தம் வாசகர்களின் எண்ணிக்கையை நேர்மையாக ஒப்புக்கொண்டுதான் தீர்மானிக்க முடியும்.

மூன்றாம் நாளுக்கு வருகிறேன். 'உங்கள் நூலை உலகுக்குக் கொண்டுசெல்லுங்கள்' என்ற தலைப்பில் நடந்த அந்த அமர்வை நடத்தியவர், எழுத்தாளர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு நூல்களை வெளியிட்டுத்தரும் நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி. அந்த நிறுவனம் மாநாட்டின் புரவலர்களில் ஒன்று என்பது நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அமர்வின் அறிவிப்பில் இல்லை. முக்கால் மணி நேரம் அவர் பேசியதில் மூன்று வகைத் தொகுப்புத் திட்டங்களின் விலை விவரத்தைத் தவிர, கற்றுக்கொள்ளக்கூடியது எதுவும் இல்லை. முதல் நாள் பேச்சாளரைப் போலவே இவரும் புரூஸ்த்தைச் சொன்னார். இவர் சொன்னதில் ஒரு பொருத்தம் இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

முடிவில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்தார்கள். மாலையில் உட்கார்ந்து வாசித்தேன். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உட்பட எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கே தனியுரிமையாகப் போகின்றன. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் நிறுவனத்தின் பெயரில் பெறப்படும். எழுத்தாளர் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிரதிகளைத் தாமே வாங்கிக்கொள்ள வேண்டும். உரிமை எப்போது, எந்த நிபந்தனையில் எழுத்தாளருக்குத் திரும்பும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் முதல் தொகுப்பின் உரிமையை மீட்டுக் கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு வரிதான் என்பதால், என் கண் நேராக அந்த இடத்தைத்தான் தேடியது. செலவு முழுவதையும் எழுத்தாளர் ஏற்று, உரிமை முழுவதையும் இன்னொருவர் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் சுயபதிப்பு என்று பெயர் சூட்டுவது சொல்லையே திருடுவதாகும்.

இது அரிதாக நடப்பதும் அல்ல. பிரிட்டனின் எழுத்தாளர் சங்கமும் எழுத்தாளர் தொழிற்சங்கமும் இத்தகைய கட்டணப் பதிப்பகங்களிடம் பணம் கொடுத்தவர்களைக் கேட்டு 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பதிலளித்தவர்களில் 94 விழுக்காட்டினர் போட்ட பணத்தை இழந்திருந்தார்கள். விற்ற பிரதிகளின் இடைநிலை எண்ணிக்கை 67 மட்டுமே. இப்படிப்பட்ட நிறுவனங்களைப் பற்றி எச்சரிப்பதற்கென்றே ரைட்டர் பிவேர் என்ற தன்னார்வ முயற்சி 1998 முதல் இயங்கி வருகிறது. மூன்றாம் நாள் அமர்வில் பேசப்பட்டிருக்க வேண்டியவை இவை. எழுத்தாளர்கள் நம்பி வந்து உட்காரும் அரங்கில், எதைப் பற்றி எச்சரிக்க வேண்டுமோ அதற்கே ஒலிவாங்கியைக் கொடுத்ததை அமைப்பாளர்களின் கவனக்குறைவு என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. என் இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்த வயதான ஒருவர் அங்கேயே முன்பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், இரண்டாம் நாள் அமர்வுக்கு வந்தீர்களா என்று கேட்டேன். இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார். கையொப்பமிடும் முன்பு ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இந்த ஓர் அமர்வைக் காட்டி, சுயபதிப்புக்கு மாநாட்டில் இடமே கொடுக்கக்கூடாது என்று வாதிடுபவர்கள் இருப்பார்கள். தேநீர் இடைவேளையில் மூத்த பதிப்பாசிரியர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். எழுத்தாளர் மாநாடு எழுத்தைப் பற்றிப் பேசட்டும், சந்தையை வெளியில் விட்டுவிடுவோம் என்பது அவர் வாதம். யாரும் தடுக்காத வாசல் வழியாகத் தரமற்ற நூல்கள் வெள்ளமாக வருகின்றன என்ற அவருடைய கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒருவர் ஒரு நாளில் 3 நூல்களுக்கு மேல் புதிதாக ஏற்றக்கூடாது என்று 2023இல் கேடிபியே வரம்பு விதிக்க வேண்டி வந்தது. ஒரு நாளுக்கு மூன்று என்பதே தாராளமான வரம்பு என்று தோன்றினால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அதே மாநாட்டில் முகவருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுவது எப்படி, பதிப்பகம் எதைத் தேடுகிறது என்றெல்லாம் நான்கு அமர்வுகள் நடந்தன. அவையும் சந்தையைப் பற்றியவைதாம். ஒரு வாசலுக்குப் போகும் வழியைச் சொல்லித்தருவது இலக்கியம், இன்னொரு வாசலுக்குப் போகும் வழியைச் சொல்லித்தருவது வணிகம் என்று எந்த அளவுகோலால் பிரிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

எழுத்தாளர் அமைப்புகளே இந்த விஷயத்தில் வெகுதூரம் வந்துவிட்டன. தாமே வெளியிடுபவர்களுக்கென்றே சுயாதீன எழுத்தாளர் கூட்டணி 2012இல் லண்டன் புத்தகச் சந்தையில் தொடங்கப்பட்டது. உறுப்பினராவதற்குப் பதிப்பகத்தின் வழியாக விற்ற படைப்பைக் கேட்டுவந்த அமெரிக்க அறிவியல் புனைகதை, மிகுபுனைவு எழுத்தாளர் சங்கம் 2015இல் சுயபதிப்பின் வருமானத்தையும் தகுதியாக ஏற்றுக்கொண்டது. சங்கத்தில் உறுப்பினராக ஏற்கப்படும் ஒருவருக்கு மாநாட்டின் மேடையில் மட்டும் இடமில்லை என்பது நிற்காத வாதம்.

இன்னும் சொல்லப்போனால், இரண்டாம் நாள் அமர்வினால் அதிகம் பயனடைந்தவர்கள் தாமே வெளியிடப் போகிறவர்கள் அல்லர் என்பது என் எண்ணம். அறையில் பாதிப்பேர் பதிப்பகங்களோடு தொடர்பில் இருப்பவர்கள். செம்மையாக்கம், மெய்ப்பு, அட்டை, கடைக் கழிவு, திரும்பி வரும் பிரதிகள் என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ பணமும் நேரமும் கொடுக்கிறார்கள் என்பதை அவர்கள் அன்றுதான் கணக்காகப் பார்த்தார்கள். என் ராயல்டி ஏன் இவ்வளவு குறைவு என்று பல ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொண்டிருந்த நானே, என் பதிப்பாளர் எதையெல்லாம் தம் செலவில் செய்தார் என்பதையும், எதைச் செய்வதாகச் சொல்லிச் செய்யவில்லை என்பதையும் முதன்முறையாகத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். அடுத்த ஒப்பந்தத்தில் எந்த வரியை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பது இப்போது தெரியும்.

விடுபட்டவையும் சில உண்டு. ஐஎஸ்பிஎன்னைப் பற்றி மூன்று அமர்வுகளிலும் போகிறபோக்கில் ஒரு வாக்கியம்தான். 2007 முதல் 13 இலக்கங்களாக இருக்கும் அந்த எண்ணில் பதிப்பாளரைக் குறிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. விற்பனைத் தளம் இலவசமாகத் தரும் எண்ணை வாங்கிக்கொண்டால் அதை வேறொரு அச்சுச் சேவையில் பயன்படுத்த முடியாது. நான்கு வரி விளக்கம் போதும், அதையாவது கைப்பிரதியில் சேர்த்திருக்கலாம். தாமே வெளியிட்ட நூலைப் பிறகு பதிப்பகங்களும் போட்டிகளும் எப்படிப் பார்க்கும் என்ற கேள்வியும் பதில் இல்லாமலேயே நின்றது. பக்கத்து அரங்கில் மூன்று பதிப்பாசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் இரண்டாம் நாள் பேச்சாளரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து இதைப் பேசவிட்டிருந்தால், மாநாட்டின் மிகச் சிறந்த அமர்வு அதுவாகவே இருந்திருக்கும். இரு தரப்பும் சுவருக்கு இரு புறமும் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

மற்றபடி ஏற்பாடுகள் ஒழுங்காக இருந்தன. அமர்வுகள் குறித்த நேரத்தில் தொடங்கின. ஒலியமைப்பு பெரிய அரங்கில் தெளிவு, சிறிய அறையில் மோசம். பதிவுகள் பங்கேற்றவர்களுக்குப் பின்னர் அனுப்பப்படும் என்று சொன்னார்கள். பெரிய அரங்கின் உரைகள் வந்துவிட்டன, சுயபதிப்பு அமர்வுகளைப் பதிவே செய்யவில்லை என்று கேட்டபின் பதில் வந்தது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், முதல் நாளுக்கு இரண்டு, இரண்டாம் நாளுக்கு ஐந்து, மூன்றாம் நாளுக்கு எதுவுமில்லை. அடுத்த முறை பதிவு செய்வேனா என்பது அவர்கள் வெளியிடும் நிகழ்ச்சி நிரலைப் பொறுத்தது. ஒவ்வொரு பேச்சாளரின் பெயருக்குக் கீழும் அவர் எதை விற்கிறார் என்பதையும் அச்சிட வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் தொகுப்பைப் பொறுத்தவரை, கிரீம் தாளில் 212 பக்கம், முதுகு 0.53 அங்குலம் என்று கணக்குப் போட்டாயிற்று. பின்குறிப்புகளில் உள்ள பக்க எண்களைத் தேடி நீக்கும் வேலை பாதியில் இருக்கிறது.